சொல்லுக்குப் பதிலாக ஒரு கோடு



விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் கண்டமங்கலம். அச்சாலையில் பேருந்தேறிச் செல்வோர், புதுச்சேரி நகரை அடைவதற்குள் தமிழ்நாட்டு ஊர்களையும் புதுச்சேரிப் பகுதி ஊர்களையும் மாறி மாறிக் கடப்பர். இருபுறமும் நிலம் ஒன்றே. விளையும் நெல்லும் கரும்பும் ஒன்றே. பேசும் மொழியும் ஒன்றே. ஆயினும் முற்காலத்தில் வரைபடத்தின்மேல் இழுக்கப்பட்ட ஒரு கோடு அவ்வூர்களை இரண்டாகப் பிரித்து வைத்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறும் வரையில், கோட்டிற்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் ஒரு சட்டம். ஆகவே, ஒரு கோடு என்ன செய்யும் என்பதை எங்கள் ஊராருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்துணைப் பெரிய கோடு அன்று. எழுதும்போதும் தட்டச்சிடும்போதும் இரு சொற்களுக்கு நடுவிலோ, இரு எண்களுக்கு நடுவிலோ நாம் இடும் சின்னஞ்சிறு கோடு அது. அரிசி மணியளவே உள்ள இக்கோட்டிற்கு ஒரு வரலாறு உண்டா என்று நீங்கள் வியக்கலாம். உண்டு. அதனைச் சொல்லுமுன், அக்கோட்டால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. விழுப்புரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் 'ய, ள, ன, க' என்று விரல் பழகியிருந்தேன். அதனால் பள்ளியின் கடிதங்களைத் தட்டச்சிடும் வேலை என் தலையில் விழுந்தது. ஓராண்டு, உதவித்தொகை பெறத் தகுதியுடைய மாணவர்களின் வரிசை எண்களை மட்டும் அனுப்புமாறு மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பெயர்ப்பட்டியல் முன்னரே அங்குப் போயிருந்தது. நான் ஒரே வரியில், '12, 19, 28, 41-47' என்று தட்டச்சிட்டேன். நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை ஏழு பேர் என்பது என் கருத்து. மூன்று படிகள் எடுப்பதற்காக நடுவே கரித்தாள் வைத்திருந்தேன். மூன்றாம் படியில் அந்தக் கோடு மங்கித் தேய்ந்து, ஒரு காற்புள்ளி போலத் தோன்றியது. அந்த மூன்றாம் படிதான் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தவர் '41, 47' என்று படித்தார். இருவருக்குத் தொகை வந்தது. நடுவில் இருந்த ஐவருக்கு வரவில்லை.

நான் ஓடினேன், எழுதினேன், நேரிற் கண்டு முறையிட்டேன். பிழை திருத்தப்பட்டது. ஆனால் அடுத்த கல்வியாண்டின் நடுவில்தான் பணம் வந்தது. அதற்குள் அவ்வைவரில் ஒருத்தி பள்ளியை விட்டு நின்று, பெற்றோருடன் கரும்பு வெட்டப் போய்விட்டாள். நல்ல கணக்குப் பிள்ளை. அவள் தந்தையை வரப்பில் நின்று கண்டு பேசினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏழை வீட்டுப் பெண்ணின் பெயர் எப்படியும் விட்டுப்போகும் ஐயா" என்றார். விட்டுப்போனதற்கு ஏழைமை காரணமன்று, நான் இட்ட கோடுதான் காரணம் என்று அவருக்கு எப்படி விளக்குவேன்?

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பின் முதல் நாளில், கரும்பலகையில் '41-47' என்று எழுதி, "இதில் எத்தனை பேர்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருவன் ஏழு என்பான். ஒருத்தி இரண்டு என்பாள். கணக்கில் நாட்டமுள்ள மற்றொருவன் எழுந்து, "கழித்தல் ஆறு, ஐயா" என்பான். வகுப்பு சிரிக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள். மூவரும் சொன்னது சரியே. ஒரே கோடு மூன்று பொருள் தருகிறது. கேட்டவர் பிழை செய்யவில்லை. எழுதியவரே பொருளைக் கோட்டிற்குள் புதைத்துவிட்டார்.

நம் முன்னோர் இத்தகைய இடர்ப்பாட்டிற்கு ஆளாகவில்லை. காரணம் எளிது: அவர்கள் கோடே இடவில்லை. கண்டமங்கலத்திற்கு அண்மையில், அதே சாலையில், திருபுவனை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டில், அவ்வூரில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்விச்சாலை நடைபெற்றதை அங்குள்ள கல்வெட்டொன்று தெரிவிக்கிறது. மாணவர்களே, விடுமுறை நாளில் அங்குச் சென்று சுவரருகே நின்று பாருங்கள். எழுத்துகள் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இடைவெளியின்றி ஓடும். சொல் எங்கே முடிகிறது, தொடர் எங்கே தொடங்குகிறது என்று காட்டக் காற்புள்ளியோ கோடோ அங்கு நடப்பட்டிராது.

ஓலைச்சுவடிக்கு வருவோம். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். பனையோலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுவது. எழுதும் வரியும் நீளவாட்டிலேயே செல்வது. ஆதலால் இடமிருந்து வலமாக நேர்கோடு ஒன்றை அழுத்தி இழுத்தால் அது நரம்போடு ஒட்டிச் சென்று ஓலையைக் கிழித்துவிடும். நம் எழுத்துகள் வளைந்து வளைந்து உருண்டிருப்பதற்கும் இதுவே ஒரு காரணம் என்பர். புள்ளியும் ஓலையைத் துளைக்கும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் தலைமேல் இட வேண்டிய புள்ளியைக்கூட ஏடெழுதுவோர் விட்டுவிடுவதுண்டு. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி வேண்டும் என்று விதித்திருந்தும் ஓலையின் இயல்பு அவ்விதியை வென்றது. அத்தகைய ஏட்டில், கிடைக்கோடு ஒன்று ஊன்றி நிற்க இடமேது?

அப்படியானால் பொருள் மயங்கவில்லையா? மயங்கிய இடங்கள் உண்டு. உரையாசிரியர்கள் வாதிட்ட இடங்களும் பல. ஆயினும் அன்றாட எழுத்து குழப்பமின்றியே நடந்தது. ஏனெனில் குறிகள் செய்யும் வேலையைத் தமிழ்ச் சொற்களே செய்தன. தொடரின் இறுதியில் வினைமுற்று வந்து நிற்கும்; அதுவே முற்றுப்புள்ளி. பிறர் கூற்று முடிந்ததென்று காட்ட 'என்று' வரும், அதுவே மேற்கோட்குறி. பலவற்றை அடுக்க 'உம்' வரும், அதுவே காற்புள்ளி. 'ஆ', 'ஓ' என்பன வினாக்குறி. எல்லை காட்ட 'முதல்', 'வரை' என்னும் இரு காவலர்கள் இருந்தனர். நிலக்கொடை கூறும் செப்பேடுகளில், கிழக்கெல்லை இதற்கு மேற்கு, தெற்கெல்லை இதற்கு வடக்கு என்று நான்கு திசைகளையும் சொல்லாலேயே வேலியிட்டு வைத்தனர். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு, ஒரு கல்வி நிலையத்திற்கு ஊர்களைக் கொடையளித்த செய்தியைக் கூறுவது. கொடுத்தது எது என்பதில் ஐயம் எழாமல் எழுதுவதே அத்தகைய ஆவணங்களின் நோக்கம். அவர்கள் என்னைப்போல் சோம்பியிருந்தால், நடுவில் ஓர் ஊர் காணாமற் போயிருக்கும்.

இன்னொன்றையும் நோக்குக. இலக்கண வகுப்பில் தொகைநிலைத் தொடர் படித்திருப்பீர்கள். 'இரவுபகல்' என்றால் இரவும் பகலும். இடையில் 'உம்' மறைந்திருப்பதால் அது உம்மைத்தொகை. 'பொற்குடம்' என்றால் பொன்னால் ஆகிய குடம். அங்கே உருபும் பயனும் மறைந்துள்ளன. சொல் மறையும், ஆனால் மறைந்த சொல் இன்னதென்று எழுதியவனும் அறிவான், படிப்பவனும் அறிவான். இதுவே தொகையின் இலக்கணம். இன்று நாம் இடும் கோடும் ஏறத்தாழ இவ்வகையினதே. கோடு என்பது மறைந்த சொல்லின்மேல் நட்ட அடையாளக்கல். இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அச்சு வந்தது, குறிகளும் வந்தன. ஐரோப்பாவில் கூட்டன்பர்க்கு 1455ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்த விவிலியத்திலேயே, வரியின் இறுதியில் முறிந்த சொல்லைக் காட்ட இரட்டைச் சிறுகோடுகள் உள்ளன. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'ஹைபன்' என்ற பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'ஒன்றாக' என்பது அதன் பொருள். 1554இல் லிசுபன் நகரில் தமிழ் உரை, உரோமன் எழுத்தில் அச்சேறியது. 1578இல் கொல்லத்தில், அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகம் தமிழில் அச்சிடத் தொடங்கிற்று. வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு தந்து, ஏட்டில் இருந்த ஒரு பெருமயக்கத்தைத் தீர்த்தார்.

ஆனாலும் அச்சு வந்த அன்றே கையெழுத்து மாறிவிடவில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவும், துரைமார் பேச்சும், போர்ச் செய்தியும் அதில் நெடுந்தொடர்களாக ஓடும். ஒரு செய்தியை மற்றொன்றோடு கட்டுவன எச்சங்களும் 'என்று' போன்ற சொற்களுமே.

இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டபின் தமிழ் நூல்கள் பெருகின. படிப்போர் தொகையும் பெருகிற்று. ஆசான் அருகிருந்து பிரித்துச் சொல்லப் படித்த காலம் போய், நூலும் தானுமாகத் தனித்திருந்து படிக்கும் காலம் வந்தது. அத்தகைய மாணவனுக்கு வழிகாட்டக் குறிகள் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் பாடநூல்களிலும் பதிப்புகளிலும் சந்தியை இயன்றவரை பிரித்து, நிறுத்தக்குறிகளை இட்டு, தமிழ் உரைநடையில் அவற்றை நிலைபெறச் செய்தார் என்று போற்றப்படுகிறார். அவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவர். அதனால்தான் குறியின் அருமை அவருக்குத் தெரிந்தது.

அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பர். அங்கே கோடு ஒன்றன்று, மூன்று. அவற்றின் நீளத்திற்கு ஓர் அளவு உண்டு. எழுத்துக் கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு அகலத்தை அச்சுத் தொழிலில் 'எம்' என்பர். அதிற் பாதி 'என்'. 'எம்' அகலமுடையது நெடுங்கோடு. 'என்' அகலமுடையது இடைக்கோடு. அதனினும் குறுகியது சிறுகோடு. மூன்றும் வெவ்வேறு ஈயத் துண்டுகள். வெவ்வேறு அறைகளில் கிடப்பவை. கோப்பவர் கை, பொருளறிந்து உரிய அறைக்குப் போக வேண்டும்.

இம்மூன்றும் எந்தச் சொல்லுக்குப் பதிலாக நிற்கின்றன என்று பாருங்கள்.

சிறுகோடு இணைப்பது. 'தாய்-சேய் நலம்' என்னும்போது அது 'உம்' என்பதன் இடத்தில் நிற்கிறது. நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை 15-8-1947 என்று கோப்பதும் அதன் வேலை.

இடைக்கோடு எல்லை காட்டுவது. 'ஆறுமுக நாவலர் (1822–1879)' என்று எழுதினால், அது 'முதல், வரை' என்பவற்றின் இடத்தில் நிற்கிறது. 'விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை' என்றால் 'இருந்து' என்பதும் 'கு' என்னும் உருபும் அதனுள் அடங்கியுள்ளன.

நெடுங்கோடு நிறுத்துவது. 'அவன் கேட்டது ஒன்றே ஒன்று — வேலை' என்னும் தொடரில், 'அதாவது' என்ற சொல் அங்கே மறைந்திருக்கிறது. பேசுவோன் பேச்சை முடிக்காமல் விட்டதையும் நெடுங்கோடு காட்டும்.

கணக்கில் வரும் கழித்தற்குறி இம்மூன்றிலும் சேராத நான்காவது உறவினர்.

ஒரு வேற்றுமையையும் குறிப்பிட வேண்டும். வரியின் இறுதியில் சொல் முறிந்தால் ஆங்கிலத்தில் சிறுகோடு கட்டாயம். தமிழில் அது வழக்கமன்று. 'கண்டமங்' என்று ஒரு வரி முடிந்து, 'கலம்' என்று அடுத்த வரி தொடங்கினாலும் நாம் தடையின்றிப் படிக்கிறோம். மெய்யெழுத்து வரியின் தலைப்பில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இது ஏட்டிலிருந்து நாம் பெற்ற செல்வம், இழக்க வேண்டுவதில்லை.

இனித் தட்டச்சுப்பொறி. 1874இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது. தமிழின் 247 எழுத்துகளை அச்சிறு பொறிக்குள் அடக்குவது எளிய செயலன்று. 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அதனைச் செய்து காட்டினார். அவர் அமைத்த நகரா விசை நுட்பமானது. புள்ளிக்கான விசையைத் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே வந்து பொருந்தும். தமிழ் இயந்திரத்தில் ஏறியது அந்த மதியால்தான்.

ஆனால் இடம் குறுகிய வீட்டில் எல்லாரும் தங்க முடியுமா? என் கையிலிருந்த பொறியில் ஒரே ஒரு சிறுகோடுதான் இருந்தது. இணைப்பிற்கும் அதுவே, எல்லைக்கும் அதுவே, கழித்தலுக்கும் அதுவே. நெடுங்கோடு வேண்டுமானால் சிறுகோட்டை இருமுறை தட்டுவோம். பின்னர் 1963இல் அமெரிக்காவில் கணிப்பொறிக்காக வகுத்த குறியீட்டுப் பட்டியலும் 128 இடங்களே கொண்டது. அதிலும் கோட்டிற்குக் கிடைத்தது ஓரிடமே. சிறுகோடும் கழித்தற்குறியும் ஒரே இருக்கையில் அமர்ந்தன. அச்சுக்கோப்போர் மூன்று அறைகளில் வைத்திருந்ததை இயந்திரம் ஓர் அறையில் கொட்டிவிட்டது. என் பிழை என்னுடையதே. ஆயினும் அப்பிழைக்கு இடங்கொடுத்த வரலாறு இது.

அக்குறை இன்று நீங்கிவிட்டது. 1991இல் முதற்பதிப்பாக வந்த யூனிகோடு, ஒவ்வொரு கோட்டிற்கும் தனி எண் தந்தது. இடைக்கோட்டின் எண் 2013. நெடுங்கோட்டின் எண் 2014. கழித்தற்குறியின் எண் 2212. முதலிரண்டையும் ஆண்டுகள் என்று மயங்க வேண்டா. பட்டியலில் அவை பெற்ற இட எண்கள். விண்டோசு கணிப்பொறியில் 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு, வலப்புற எண்தட்டில் 0150 என்று தட்டினால் இடைக்கோடும், 0151 என்று தட்டினால் நெடுங்கோடும் வரும். பெரும்பாலான கைப்பேசிகளில் சிறுகோட்டு விசையை விரலால் சற்றே அழுத்திப் பிடித்தால் மற்றக் கோடுகள் மேலெழுந்து நிற்கும். என் காலத்தில் கிடைக்காத வசதி உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

ஆனால், மாணவர்களே, வசதி வேறு, தெளிவு வேறு. மூன்று கோடுகளும் கைக்கு வந்துவிட்டன என்பதற்காக அவற்றை அள்ளித் தெளிக்காதீர்கள். கோடு இடுமுன் உங்களையே கேளுங்கள்: இங்கே மறைந்திருக்கும் சொல் எது? 'உம்' என்பதா, 'முதல், வரை' என்பதா, 'அதாவது' என்பதா? விடை உடனே வந்தால், அதற்குரிய கோட்டை இடுங்கள். விடை வரவில்லையானால் கோட்டை விட்டுவிட்டுச் சொல்லையே எழுதுங்கள். ஒருவருடைய பணமோ, நிலமோ, படிப்போ அத்தாளைப் பொறுத்திருந்தால், விடை தெரிந்தாலும் சொல்லையே எழுதுங்கள். 'முதல்' என்பதும் 'வரை' என்பதும் சேர்ந்து ஐந்தெழுத்து. அவ்வைந்தெழுத்துகளை நான் அன்று சேமித்தேன். அதற்கு ஒரு பெண்ணின் பள்ளிப்படிப்பு விலையாயிற்று.

இவ்வுண்மையை எனக்கு மீண்டும் உணர்த்தியது இந்த வானொலி நிலையமே. இங்கு ஒலிவாங்கியின் முன் அமர்ந்து கையெழுத்துப் படியைப் படிக்கும்போது, கோட்டை எப்படிப் படிப்பது? அதற்கு ஓசை இல்லை. '1822–1879' என்று தாளில் இருந்தாலும், என் வாய் '1822 முதல் 1879 வரை' என்றே சொல்லியாக வேண்டும். 'வேலை' என்ற சொல்லுக்கு முன் நின்ற நெடுங்கோட்டிற்கு ஒரு மூச்சு நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோடு காதுக்குள் செல்லும்போது தன் முகத்திரையை நீக்கிச் சொல்லாகவோ மூச்சாகவோ மாறிவிடுகிறது. ஆகவே நீங்கள் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே வாய் தடுமாறுகிறதோ அங்கே உங்கள் கோடு பொய் சொல்கிறது.

அந்தக் கடிதத்தின் முதற்படி பள்ளிக் கோப்பில் நெடுநாள் இருந்தது. நான் தலைமையாசிரியராகிக் கோப்புகளைப் பார்வையிடும் காலத்தில் அதனை மறுபடி கண்டேன். அதில் கோடு மங்கவில்லை, தெளிவாகவே இருந்தது. ஓரத்தில் என் கையால், '41 முதல் 47 வரை, எழுவர்' என்று மையினால் எழுதி, ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். காலங்கடந்த திருத்தம்தான். ஆனாலும் ஏட்டில் அவ்வைவர் பெயரும் இருக்கட்டும் என்று தோன்றிற்று.